உள்பக்கக் கைபிடி

சசிதரன் காருக்குள் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை மேலே கடைசிவரை சுற்றி ஏற்றினான். பிறகு உள்பக்கக் கைபிடியை ஒற்றை விரலால் இழுத்தான். கதவு திறந்தது. திரும்பவும் சாத்தினான், திரும்பவும் இழுத்தான், திரும்பவும் திறந்தது. வாசலில் சாப்பாட்டுப் பார்சலோடு நின்ற மனைவி கீர்த்தனியைப் பார்த்துச் சிரித்தான்.

“பார், பெரிய ஆக்களின்ர கார் மாதிரி.”

“பெரிய ஆக்கள் மழைக்குள்ள கதவு திறந்து விளையாடமாட்டினம். சீற் நனையப்போகுது, போங்கோ,” என்றாள் கீர்த்தனி.

கதவு திருந்தும்வரை அந்தப் பார்சலைக் கண்ணாடி வழியாகத்தான் நீட்டிப் பழகியிருந்தாள். அன்றும் கதவு வழியாகக் கொடுத்தாள். முன்பெல்லாம் அவனுடைய வலக்கை கதவுக்கு வெளியே கிடக்கும்; படலையைத் தாண்டும்போது கதவுத் தகரத்தில் உள்ளங்கையால் தட்டிவிட்டுப் போவான். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவள் உள்ளே திரும்புவாள். அன்றும் கை வெளியே வரவில்லை. மழை வழிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. கையாகத்தான் இருக்கவேண்டும். கீர்த்தனி பழைய பழக்கத்தில் சத்தத்துக்காகச் சற்று நின்றாள். இனி அது கேட்காது என்பது பிறகுதான் உறைத்தது. தன்னைத்தானே நினைத்துச் சிரித்துக்கொண்டு, உள்ளே போய்த் தையல் மெஷினில் இருந்தாள்.

அதற்குப் பிறகு அவனை அவள் உயிரோடு காணவில்லை.

அந்தக் கார் அவர்களுடைய மகள் நிருசாவைவிட வயதில் மூத்தது. பல கை மாறித்தான் அன்புவழிபுரத்தில் இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எஞ்சின் நல்லது, சில்லுகள் நல்லது. சாரதிப் பக்கக் கதவை மட்டும் உள்ளேயிருந்து திறக்க ஏலாது. கைபிடியை இழுத்தால் அது தொளதொளவென்று கையோடு வரும், கதவு அசையாது. கராச்சில் கேட்டபோது பூட்டோடு முழுவதையும் மாற்றவேண்டும், இந்த மொடலுக்குச் சாமான் இப்போது இறங்குவதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

சசிதரனுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிக் கைபிடியைத் தூக்கினால் கதவு திறக்கிறதுதானே என்பான். உண்மையில் கைபிடி உடையாத காலத்திலும் அவன் ஓட்டிய எந்த வாகனத்தின் கண்ணாடியும் ஏறியிருந்ததில்லை. அவன் ஓடப் பழகிய நாட்களில் நகரத்தில் சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி இருந்தது. சாவடியை நெருங்கும்போது உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, கை இரண்டும் வெளியே தெரிய மெல்ல ஊரவேண்டும். கண்ணாடி ஏற்றியிருந்த ஒரு வான் வண்டிக்கு என்ன நடந்தது என்பதை அவன் பக்கத்தில் நின்று கண்டவன். அதைப்பற்றி வீட்டில் ஒருநாளும் கதைத்ததில்லை. சாவடிகள் எடுபட்டு, அந்த இடங்களில் பழக்கடைகளும் தேத்தண்ணிக் கடைகளும் வந்துவிட்டன. அவனுடைய வலக்கை மட்டும் வெளியேதான் கிடந்தது. வெயிலில் அந்தக் கை மற்றக் கையைவிடக் கறுத்துப்போயிருந்தது.

துறைமுகப் பக்கம் அவனோடு ஒரே களஞ்சியத்தில் வேலைசெய்த கிண்ணியா றுவைஸ் இதைச் சொல்லியே அவனை வாட்டுவான். “டேய் சசி, சென்றிக்காரன் எப்பயோ ஊட்ட போயிட்டான். நீ இன்னும் யாருக்குடா கையக் காட்டிட்டுப் போறாய்?”

கீர்த்தனிக்கு அது பகிடியாக இருக்கவில்லை. கார்த்திகை பிறந்தால் கண்ணாடி வழியே சாரல் அடித்துச் சீற்றெல்லாம் ஊறிப்போகும். காயாத சீற்றில் பூஞ்சணம் பிடித்து, உள்ளே ஏறினாலே மூக்கை அரிக்கும். நிருசாவுக்குச் சிறுவயதிலிருந்தே மூச்சு முட்டும் வருத்தம். போன மாரியில் பள்ளிக்கூடம் போய் வந்த கையோடு இரண்டுதரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்த வருசம் மழை தொடங்குமுன் கதவு திருந்தாவிட்டால் தானும் பிள்ளையும் பஸ்ஸில் போவோம் என்று கீர்த்தனி சொன்னாள். கராச்சுக்காரனே கைவிட்டதை ஆர் திருத்துவது என்றான் அவன். நான் திருத்துகிறேன் என்றாள்.

அவள் தையற்காரி. கழற்றிய மெஷினை மறுபடி பூட்டத் தெரிந்தவளுக்கு ஒரு கதவு பெரிய காரியமாகப் படவில்லை. போனில் ஒரு ஆள் வேறு ஏதோ பாசையில் கதைத்துக்கொண்டு இதே மாதிரிக் கதவைக் கழற்றுகிற வீடியோ இருந்தது. பாசை விளங்காவிட்டாலும் கை போன வழி விளங்கியது. அதை ஒரு கிழமையாகப் பார்த்தாள்.

பௌர்ணமிப் போயா லீவு நாளில் காரை முற்றத்தில் நிழலுக்கு எடுத்துவிட்டுத் தொடங்கினாள். கை வைக்கும் மேட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த திருகாணிகளையும், கைபிடிக் குழிக்குள் இருந்த ஒன்றையும் திருப்புளியால் கழற்றினாள். கண்ணாடி சுற்றும் பிடிக்குப் பின்னால் ஒரு சீலைத்துண்டைக் கொடுத்து இப்படியும் அப்படியும் இழுக்க, லாடம் மாதிரி வளைந்த சின்னக் கம்பி ஒன்று தெறித்துச் சீலையில் விழுந்தது. பிடி கழன்று வந்தது. பிறகு தோசை புரட்டும் தட்டைக் கரண்டியைக் கதவுக்கும் அதன் உட்தட்டுக்கும் நடுவே விட்டு மெல்ல நெம்பினாள். தட்டைப் பிடித்திருந்த பிளாஸ்ரிக் கொளுக்கிகள் ஒவ்வொன்றாக விட்டன. தட்டை மேல்நோக்கித் தூக்கி எடுத்துச் சுவரில் சாத்தினாள்.

உள்ளே கறுத்த பசையில் ஒட்டிய ஒரு பொலித்தீன் விரிப்பு இருந்தது. அதை உரித்ததும் கடற்களப்புச் சேற்று மணம் முகத்தில் அடித்தது. கதவின் அடிவயிற்றில் தண்ணீர் நின்றது. மழைத் தண்ணீர் வடிந்துபோவதற்கென்று கதவின் அடியில் விட்டிருந்த ஓட்டைகள் மண்ணால் அடைபட்டுக் கிடந்தன. கொண்டை ஊசியால் குத்திவிட்டாள். மண்ணிறத் தண்ணீர் ஓடத் தொடங்கியது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தால் அது நிற்கவில்லை. முற்றத்து மணலில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு படலை வரைக்கும் போயிற்று.

“இவ்வளவு தண்ணியும் எனக்குப் பக்கத்தில இருந்துதானே வந்திருக்கு,” என்றான் சசிதரன், குந்தியிருந்து பார்த்தபடி. அவன் முகத்தில் சிரிப்பு இல்லாததைக் கண்டு அவள் வேறு கதை எடுத்தாள்.

பிழை சின்னப் பிழைதான். கைபிடியிலிருந்து பூட்டுக்கு ஒரு மெல்லிய இரும்புக் கம்பி போகிறது. கம்பியின் வளைந்த நுனி பூட்டின் துளைக்குள் நிற்கும்படி பிடித்திருக்கும் பிளாஸ்ரிக் துண்டு வெயிலில் காய்ந்து நொறுங்கிப்போயிருந்தது. கம்பி கழன்று தொங்கியது. அதைத் துளையில் மாட்டினாள். இனி அது கழலாமல் இருக்கவேண்டும். செப்புக் கம்பி சுற்றுவோமா என்று கேட்டாள்.

“செம்பு ஆட ஆட அறுந்துபோம். தங்கூசி கட்டு,” என்றான். அவன் வெருகல் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். வலைச் சாமான் வைத்திருந்த பெட்டியிலிருந்து தடித்த நைலோன் தங்கூசி நூலைக் கொண்டுவந்தான். தூண்டிலுக்குப் போடும் முடிச்சை அவளுக்குக் காட்டினான். கம்பி நுனியில் ஒரு றப்பர்க் குழாய்த் துண்டைச் செருகி, அதன்மேல் அவள் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். இறுக்கப்போனபோது அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“காய்ஞ்சபடி இறுக்கினால் தங்கூசி சூடாகி உள்ளுக்க வெடிக்கும். எச்சில் தொட்டு இறுக்கவேணும்.”

அவளுடைய வாய் கதவுக்குள் எட்டவில்லை. அவன் விரலை நாக்கில் வைத்து, குனிந்து, முடிச்சை நனைத்தான். அவள் இழுத்து இறுக்கி, மிச்ச நூலைத் தையல் கத்தரியால் நறுக்கினாள்.

கதவைத் திறந்து வைத்தபடியே, பூட்டின் வாயைத் திருப்புளியால் அழுத்திக் கதவு சாத்தியது போலாக்கினாள். சோதிக்காமல் சாத்தினால், பிழைத்த கதவைப் பிறகு திறப்பது பெரும்பாடு என்று அந்த வீடியோக்காரன் கை அசைத்துக் காட்டியிருந்தான். கைபிடியை இழுத்தாள். பூட்டு டக்கென்று வாய் திறந்தது. இன்னொருதரம். அதே சத்தம்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது சாமான் போட்டிருந்த தட்டத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கொளுக்கி மிஞ்சிக் கிடந்தது. காளான் மாதிரி, தலை பெருத்து, கால் சிறுத்து. எங்கே இருந்து வந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மறுபடி கழற்றிப் பார்க்கவா என்றாள். கதவு திறக்கிறது, சாத்துகிறது, கண்ணாடி ஏறுகிறது, இறங்குகிறது, வேறு என்ன வேணும் என்றான் அவன். பிள்ளை பசிக்கிறது என்று வந்து நின்றாள். கொளுக்கியை மெஷினின் இழுப்பு லாச்சியில், பொத்தான்களோடு போட்டுவைத்தாள்.

அன்று பின்னேரம் மூன்று பேரும் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு துறைமுகத் தெருவால் ஒரு சுற்றுப் போனார்கள். தூறல்தான், ஆனாலும் உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. நிருசா கண்ணாடியில் ஊதி, அதில் பூப்போட்டாள். கடற்படை வாசலைத் தாண்டும்போது சசிதரனின் கை தானாகக் கண்ணாடிப் பிடிக்குப் போனது. கீர்த்தனி அதைப் பார்த்தாள். அவன் கையை எடுத்துவிட்டான்.

“காது அடைக்குது,” என்றான் சற்றுப் பொறுத்து. “ஊர்ச் சத்தமே கேக்குதில்லை. தண்ணிக்குள்ள தாண்டு போன மாதிரி இருக்கு.”

பழகிவிடும் என்று சொன்னாள் கீர்த்தனி.

அவன் பழகிக்கொண்டான். மழை பிடித்த நாளிலிருந்து கண்ணாடி ஏறியே இருந்தது. நிருசாவுக்கு அந்த மாதம் ஒருநாளும் மூச்சு முட்டவில்லை. காணும் ஆட்களுக்கெல்லாம் கைபிடியை இழுத்துக் காட்டுவது அவனுக்கு ஒரு பெருமையாகிவிட்டது. என்ர மனுசி செய்தது என்பான்.

அந்த நாளுக்கு முன் மழை பல நாளாக விடாமல் கொட்டியிருந்தது. கிண்ணியா பஸ் ஓடவில்லை. வேலை முடிந்ததும் றுவைஸை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன், தேத்தண்ணிக்கு வந்துவிடுவேன் என்று போனில் சொன்னான். பின்னால் றுவைஸின் குரல், நீ பொஞ்சாதிக்குக் கணக்குக் கொடுத்து முடி, பிறகு போவோம் என்று கேட்டது. கீர்த்தனி சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். கேத்திலில் தண்ணீர் வைத்தாள். அது கொதித்து ஆறியது. மறுபடி வைத்தாள். அவனுடைய போனுக்கு எடுத்தாள்; அடித்து ஓய்ந்தது. அடுத்ததரம் அடிக்கவேயில்லை.

பிறகு றுவைஸின் போனிலிருந்து அழைப்பு வந்தது. பக்கத்தில் ஆட்களின் சத்தமும் தண்ணீரின் சத்தமும் கேட்டன. அவன் மூச்சு வாங்கினான்.

“தங்கச்சி, ஊட்டுல வேற பெரிய ஆக்கள் யாரும் இருக்காங்களா? போன அவங்கட கையில குடுங்க.”

யாரும் இல்லை என்று அவள் சொன்னாள். அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பக்கம் றுவைஸை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பியவன், களப்போரத் தெருவில் தண்ணீர் மேவி ஓடிய ஒரு மதகைக் கடந்திருக்கிறான். மேலே பார்க்கத் தெரு இருந்தது. கீழே கரை அரித்துப்போயிருந்தது. கார் பக்கவாட்டில் சரிந்து, சற்று மிதந்து, மூக்குக் குத்தித் தண்ணீருக்குள் தாண்டது. கண்டவர்கள் கயிற்றோடு ஓடினார்கள். றுவைஸும் ஓடினான். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலான தண்ணீர்தான். ஆனால் இழுவை பலமாக இருந்தது. கிட்டப் போகவே நேரம் எடுத்தது.

செத்தவீட்டில் ஆட்கள் தணிந்த குரலில் கதைத்தார்கள். கதவு திறபடவில்லையாம் என்று ஒருவர் சொன்னது, அடுத்த கதிரையில் இருந்தவரிடம் போகும்போது கதவு இறுகிப்போச்சாம் என்றானது. சசிதரனின் அக்கா கஜேந்தினி வெருகலிலிருந்து வெள்ளத்துக்குள்ளால் வந்து சேர்ந்தாள். தம்பியின் தலைமாட்டில் இருந்து அழுதாள். அழுது ஓய்ந்த நேரம், கீர்த்தனியின் பக்கம் திரும்பாமலே, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

“அந்தக் கதவை ஏனடி கழட்டினனீ?”

கீர்த்தனி எழுந்தாள். போய் மெஷின் லாச்சியைத் திறந்து, பொத்தான்களுக்குள் துழாவி, அந்த வெள்ளைக் கொளுக்கியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து அவள் கண்ணை மூடினால் கதவின் உட்புறம்தான் தெரிந்தது. கம்பி, துளை, நூல், முடிச்சு. எல்லாம் சரியாக இருந்தது. பிறகு தட்டத்தில் ஒரு கொளுக்கி. எது எங்கே பிடியில்லாமல் போயிற்று? அவன் இழுத்தபோது கைபிடி பழையபடி தொளதொளவென்று கையோடு வந்ததா? தைக்கும்போது இந்தக் கேள்வி வந்தால் கால் நின்றுவிடும், ஊசி துணியில் குத்தியபடி நிற்கும். நிருசா வந்து தோளைத் தொட்டால்தான் மறுபடி ஓடும்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தது. பொலிஸ் காரை விட்டுவிட்டதாகவும், கிண்ணியாவில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டு வளவில் அதை இழுத்து விட்டிருப்பதாகவும், யாரும் இரும்புக்குக் கேட்டால் கொடுத்துவிடலாம் என்றும் றுவைஸ் வந்து சொன்னான். நான் பார்க்கவேணும் என்றாள் கீர்த்தனி.

“அதப் பாத்து என்ன செய்யப்போறீங்க தங்கச்சி.”

“என்ர கை பிழைச்சதோ இல்லையோ எண்டு தெரியாமல் என்னால இருக்கேலாது றுவைஸ் நானா.”

காரியத்துக்கு வந்து நின்ற கஜேந்தினி கட்டிலில் இருந்து எழும்பினாள். “நானும் வாறன்,” என்றாள்.

வளவில் காரின்மேல் தறப்பாள் போட்டிருந்தார்கள். றுவைஸ் அதை இழுத்ததும் அந்த மணம் வந்தது. போயா நாளில் கதவுக்குள் இருந்த அதே களப்புச் சேற்று மணம். சீற்றுகளில் சேறு வெடித்திருந்தது. சாரதிப் பக்கக் கண்ணாடி கடைசிவரை ஏறியிருந்தது; அதன் மேல்விளிம்புவரை சேற்றுத் திரை. கீர்த்தனி எதையும் பார்க்காதவளாகக் கதவோரம் குந்தி, பையிலிருந்து திருப்புளியையும் தட்டைக் கரண்டியையும் எடுத்தாள்.

முதலில் திருகாணிகள், பிறகு சீலைத்துண்டு. லாடக் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. தட்டை நெம்பித் தூக்கித் திருப்பினாள். கொளுக்கிகள் வரிசையாக இருந்தன. அடி மூலையில் ஒரு துளை மட்டும் வெறுமையாக இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, கொளுக்கியை எடுத்து அதில் வைத்து அழுத்தினாள். உள்ளே போய் நின்றது. தட்டைப் பிடிக்கிற கொளுக்கி. அது இல்லாவிட்டால் தட்டின் ஒரு மூலை கொஞ்சம் அதிரும், அவ்வளவுதான்.

பொலித்தீனை விலக்கினாள். கம்பி துருவேறிச் சிவந்திருந்தது. றப்பர்க் குழாய் அப்படியே இருந்தது. தங்கூசி முடிச்சு அப்படியே இருந்தது.

பூட்டின் வாயைத் திருப்புளியால் அழுத்தினாள். கைபிடியை இழுத்தாள். டக்.

கஜேந்தினி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். றுவைஸ் தலையைக் குனிந்துகொண்டு, யாரும் கேளாமலே சொன்னான்:

“நான்தான் முதல் போய்க் கதவப் புடிச்சன். வெளிக் கைபிடிய நான் தூக்கவே இல்ல. விளிம்பில தொட்ட உடன கதவு வந்திச்சு. பூட்டு முந்தியே விட்டிருந்திச்சு தங்கச்சி. அவன் இழுத்திருக்கான், அது திறந்திருக்கு. தண்ணிதான் வெளியால நிண்டு தள்ளிப் புடிச்சிருக்கு. உள்ளுக்கு நிறையுமட்டும் விடாது அது.”

அப்படியென்றால் ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கஜேந்தினி கேட்டாள். அவன் ஏறியிருந்த கண்ணாடியைப் பார்த்தான். அவள் கதவுக்குக் கிட்ட வந்தாள். கழற்றி வைத்திருந்த கண்ணாடிப் பிடியை எடுத்து அதன் தண்டில் செருகி, ஏதோ யோசனையில் சுற்றினாள். சேறு கரகரத்தது. பிறகு கண்ணாடி இறங்கத் தொடங்கியது. தடையில்லாமல், லேசாக, அடிவரை இறங்கியது. வளவுக் காற்று அதற்குள்ளால் வந்தது. ஒரு ஆள் தோளோடு வெளியே வரக்கூடிய அளவு இடம்.

“இது இறங்குதே,” என்றாள் கஜேந்தினி.

“ஓம்,” என்றான் றுவைஸ். பிறகு, “முந்தின மாதிரி எண்டா அது எந்த நேரமும் இறங்கித்தானே கிடக்கும்,” என்றான். அதைச் சொன்னதற்காக உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

கீர்த்தனி குந்தியபடியே இருந்தாள். அவனுடைய கறுத்த வலக்கை நினைவுக்கு வந்தது. அந்தக் கை கண்ணாடிப் பிடிக்குப் போயிருக்காது. புதிதாகத் திருந்திய கைபிடிக்குத்தான் போயிருக்கும். இழுத்திருப்பான். பூட்டு விட்ட சத்தமும் கேட்டிருக்கும். திறந்துவிட்டது என்று தோளால் தள்ளியிருப்பான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளிக்கொண்டேயிருந்திருப்பான். என்ர மனுசி செய்தது.

அவள் தட்டைப் பொருத்தினாள். ஒவ்வொரு கொளுக்கியாக உள்ளங்கையால் தட்டி இறுக்கினாள். கண்ணாடிப் பிடியைப் பூட்டினாள். இந்தமுறை எதுவும் மிஞ்சவில்லை. கண்ணாடியை ஏற்றவேண்டாம் என்று மட்டும் சொன்னாள். திரும்பி வரும்போது கஜேந்தினி ஓட்டோவுக்குள் அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கதவைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. வேறு யார் கதை எடுத்தாலும் விடவுமில்லை.

காரை இரும்புக்கு யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனார்கள்: முதலில் சில்லுகள், பிறகு எஞ்சின், விளக்குகள், முன்சீற்று. தறப்பாளும் காற்றில் கிழிந்துபோனது. இறங்கிய கண்ணாடி வழியாகக் கோழிகள் போய்வருகின்றன. தைத்த உடுப்புகளைக் கொடுக்கக் கிண்ணியாவுக்குப் போகும் நாட்களில் கீர்த்தனி அந்த வளவுக்குள் ஒருதரம் போவாள். துருப்பிடித்த கதவைச் சாத்துவாள். இறங்கிய கண்ணாடிக்குள்ளால் கையை விட்டு, உள்பக்கக் கைபிடியை ஒற்றை விரலால் இழுப்பாள்.

கதவு திறக்கிறது.